பிரிட்டனில் இருக்கும் துணையிடம் போக: விசா வேலையை எங்கிருந்து தொடங்குவது?

பிரிட்டனில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விசா எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பக்கத்திலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது, கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்வது, ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டுவது என்று வரிசையாக நடக்கும். எல்லாம் தயாரான பிறகுதான், அங்கே இருப்பவர் வேலை மாறி நான்கு மாதம்தான் ஆகிறது, சம்பளச் சீட்டுகள் போதாது என்று தெரியவரும். மேலும் சில மாதம் காத்திருப்பதற்குள் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் காலாவதியாகிவிடும். அந்தச் செலவு மறுபடியும்.

இந்த விசாவில் பாதிக்கு மேல் தீர்மானமாவது அங்கே இருப்பவரின் கைக் காகிதங்களில். மீதி, நீங்கள் எந்தத் தேதியில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதில். இந்த இரண்டையும் முதலில் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒழுங்காக அமையும்.

அங்கே இருப்பவர் எந்த விசாவில் இருக்கிறார்?

எல்லாக் கேள்விக்கும் முந்திய கேள்வி இது. ஒரே தெருவில் வாழும் இரண்டு தமிழர்களின் மனைவியர் இரண்டு வேறு விசாக்களில் போக வேண்டியிருக்கும்.

அவர் பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடியுரிமை உள்ளவர் என்றாலோ, நம்மவர்கள் "பி.ஆர்." என்று சொல்லும் நிரந்தரத் தங்கும் உரிமை பெற்றவர் என்றாலோ, நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது குடும்ப விசாவில் அடங்கும் துணைவர் விசா. அகதி அந்தஸ்து பெற்றவரின் துணைக்கும் இந்த வழி உண்டு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்த விசாவைப் பற்றியது. சென்னையிலிருந்து போகிறவருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவருக்கும் விதிகள் ஒன்றுதான்.

அவர் ஐ.டி. கம்பெனியிலோ மருத்துவமனையிலோ ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வேலை பார்க்கிறார் என்றால் உங்களுக்கு டிபெண்டென்ட் விசா. அதில் கீழே சொல்லப்போகும் 29,000 பவுண்டு நிபந்தனை கிடையாது. உங்களைப் பார்த்துக்கொள்ள 285 பவுண்டு கையிருப்பைக் காட்டினால் போதும்; அவரை வேலைக்கு வைத்த நிறுவனம் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால் அதுவும் தேவையில்லை. ஆனால் அவருடைய விசா முடியும்போது உங்களுடையதும் முடியும்.

இரண்டு பிரிவினர் கவனமாக இருக்க வேண்டும். முதியோர் பராமரிப்பு வேலைக்கான கேர் வொர்க்கர் விசாவில் 2024 மார்ச் 11 முதல் புதிதாகப் போனவர்கள் துணையை அழைத்துக்கொள்ள முடியாது. 2024 ஜனவரி 1 முதல் படிக்கப் போகும் மாணவர்களிலும் பிஎச்.டி. போன்ற ஆராய்ச்சிப் படிப்பில் சேர்பவர்களும் அரசு உதவித்தொகையில் படிப்பவர்களும் மட்டுமே அழைக்கலாம். "எம்.எஸ்சி. படிக்கிறேன், வந்துவிடு" என்று மாப்பிள்ளை சொன்னால் இந்தத் தேதிகளைக் காட்டுங்கள்.

எந்த உறவுக்கு இந்த விசா?

முறையாகத் திருமணமானவர்கள் நேராக விண்ணப்பிக்கலாம். நிச்சயமாகி, அங்கே போய்த் திருமணம் செய்யப் போகிறவர்களுக்கு ஆறு மாத விசா தனியாக உண்டு. அந்த ஆறு மாதத்தில் வேலை பார்க்க முடியாது. திருமணம் ஆனபின் மறுபடி பணம் கட்டி விசாவை மாற்ற வேண்டும். ஊரிலேயே பதிவுத் திருமணத்தை முடித்துவிட்டுப் போவதுதான் செலவு குறைந்த வழி.

திருமணம் செய்யாமல் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தம்பதிபோல உறவில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் தங்கள் உறவைப் பதிவுசெய்ய வழியில்லாத ஒரே பாலினத் தம்பதிகளுக்கு இந்தப் பிரிவு பயன்படும்.

எந்தப் பிரிவானாலும் இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ காலில் மட்டும் பேசி முடிவான சம்பந்தம் விதிப்படி செல்லாது.

29,000 பவுண்டு கணக்கு

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. 2012 ஜூலை முதல் அங்கே இருப்பவருக்கு ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் இருந்தால் போதும் என்று விதி இருந்தது. அதை எதிர்த்து வழக்கு நடந்தது. குறைந்தபட்ச வருமானம் கேட்பது சட்டப்படி சரியே என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் சொன்னது. 2024 ஏப்ரல் 11 முதல் அந்தத் தொகை 29,000 ஆனது. அதை 38,700 வரை கொண்டுபோகப் போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். பிறகு வந்த அரசு அந்த உயர்வை நிறுத்திவைத்தது.

இந்த 29,000 வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. வெளிநாட்டிலிருந்து முதல்முறை விண்ணப்பிக்கும்போது கணக்கில் வருவது அங்கே இருப்பவரின் சம்பளம் மட்டுமே. நீங்கள் சென்னையில் மாதம் ஒன்றரை லட்சம் வாங்கினாலும் அதைச் சேர்க்க மாட்டார்கள்.

ஒரே வேலையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருப்பவர் கடைசி ஆறு மாதத்துக்கான சம்பளச் சீட்டுகளையும், அதே ஆறு மாதத்துக்கான வங்கிக் கணக்கு அறிக்கையையும், நிறுவனத்தின் கடிதத்தையும் தர வேண்டும். அந்தக் கடிதத்தில் அவர் எப்போது சேர்ந்தார், என்ன பதவி, ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, எவ்வளவு காலமாக அந்தச் சம்பளம், வேலை நிரந்தரமா ஒப்பந்தமா என்ற விவரங்கள் எல்லாம் இருக்க வேண்டும். "இவர் எங்களிடம் பணிபுரிகிறார்" என்ற ஒற்றை வரிக் கடிதம் உதவாது. சீட்டில் கைக்கு வரும் தொகை எதுவோ, அதே தொகை வங்கியில் வரவாகியிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் சம்பளம் ஏறியிறங்கியிருந்தால், அந்தக் காலத்தின் மிகக் குறைந்த சம்பள நிலையை வைத்தே ஆண்டுக் கணக்கைப் போடுவார்கள். இரண்டு மாதம் முன்புதான் 29,500 ஆக உயர்ந்தது என்றால் இன்னும் நான்கு மாதம் பொறுப்பதே நல்லது.

வேலை மாறி ஆறு மாதம் ஆகவில்லை என்றாலும் வழி உண்டு. இப்போதைய சம்பளம் 29,000 இருக்க வேண்டும். போன 12 மாதங்களில் வரி பிடிப்பதற்கு முன் ஈட்டிய மொத்த வருமானமும் 29,000 தொட்டிருக்க வேண்டும். அப்போது 12 மாதக் காகிதங்கள் தேவை.

சம்பளம் குறைவாக இருந்தால் சேமிப்பைக் காட்டி ஈடுகட்டலாம். இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. குறையும் தொகையை 2.5 ஆல் பெருக்குங்கள். அதோடு 16,000 சேருங்கள். அவர் 27,000 பவுண்டு சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். குறைவது 2,000. அதை 2.5 ஆல் பெருக்கினால் 5,000. அதோடு 16,000 சேர்ந்தால் 21,000 பவுண்டு. சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு வேண்டும்.

இந்தப் பணம் ரொக்கமாக, உங்கள் பெயரிலோ துணையின் பெயரிலோ, தொடர்ந்து ஆறு மாதம் வங்கியில் இருந்திருக்க வேண்டும். அப்பா அன்பளிப்பாகக் கொடுத்ததாக இருக்கலாம். கடனாக இருக்கக் கூடாது. வங்கி லாக்கரில் இருக்கும் நகைக்கும், ஊரில் இருக்கும் நிலத்துக்கும் இங்கே மதிப்பில்லை. இரண்டும் பணமாக மாறினால்தான் கணக்கில் ஏறும்.

அங்கே இருப்பவர் உடல் ஊனத்துக்கான உதவித்தொகையோ பராமரிப்பாளர் உதவித்தொகையோ பெறுகிறவர் என்றால் இந்த 29,000 விதி பொருந்தாது. அவர்களுக்கு எளிய தனிக் கணக்கு உண்டு.

தேதியை முதலில் குறியுங்கள்

ஆன்லைன் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துப் பணம் கட்டும் நாள்தான் விண்ணப்பத் தேதி. எல்லாக் காகிதங்களின் ஆயுளும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். வங்கி அறிக்கையின் கடைசித் தேதி, விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 28 நாட்களுக்குள் வர வேண்டும். காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். ஆங்கிலத் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகள் செல்லும்.

நவம்பர் 2 அன்று விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். மே முதல் அக்டோபர் வரை ஆறு சம்பளச் சீட்டுகள், அக்டோபர் 31 வரையிலான வங்கி அறிக்கை, அக்டோபர் கடைசி வாரத்தில் வாங்கிய நிறுவனக் கடிதம் இருந்தால் கணக்கு நேராக இருக்கும். செப்டம்பர் கடைசியிலேயே எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு நவம்பரில் அனுப்பினால் வங்கி அறிக்கை பழசாகிவிடும். ஆங்கிலத் தேர்வை முன்பே முடித்துவையுங்கள். காசநோய்ப் பரிசோதனையை ஒரு மாதம் இருக்கும்போது செய்யுங்கள். அங்கேயிருந்து வரும் காகிதங்களைக் கடைசியில் வாங்குங்கள்.

கல்யாணம் உண்மையானது என்று காட்ட

பெற்றோர் பார்த்துச் செய்த கல்யாணம் என்றால் சந்தேகப்படுவார்களோ என்று பலருக்குப் பயம். பயப்பட வேண்டியதில்லை. அவர்கள் ஏற்காதது கட்டாயக் கல்யாணத்தையும் விசாவுக்காகச் செய்யும் கல்யாணத்தையும்தான்.

அடிப்படை ஆவணம் திருமணப் பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவர் திருமணமானாலும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்வது கட்டாயம். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் 150 நாள் வரை பதிவுசெய்யலாம். கோயிலிலோ தேவாலயத்திலோ கொடுத்த சான்றோடு நின்றுவிடாதீர்கள். மாப்பிள்ளை விடுமுறை முடிந்து விமானம் ஏறுவதற்குள் பதிவை முடித்துவிடுங்கள். அவர் இல்லாமல் பின்னால் அலைவது பெரும்பாடு.

அதற்குத் துணையாக: கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, இரு வீட்டாரும் இருக்கும் சில படங்கள், அவர் வந்துபோன விமான டிக்கெட்டும் பாஸ்போர்ட் முத்திரையும், பணம் அனுப்பிய விவரம், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பேசிய பதிவுகள். முந்நூறு படம் உள்ள ஆல்பத்தை அப்படியே ஏற்ற வேண்டாம். பதினைந்து, இருபது படங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் கீழும் எந்த நாள், எந்த இடம், யார் யார் என்று எழுதினால் படிக்கிறவருக்கு விஷயம் புரியும்.

வாட்ஸ்அப் உரையாடலும் அப்படியே. மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் போதும். ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத எந்த ஆவணத்துக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். "saptiya" என்பதைத் தமிழெழுத்தில் எழுதாமல் ஆங்கில எழுத்தில் தட்டும் நம் வழக்கமும் தமிழாகத்தான் கணக்காகும். ஆகவே நாள், நேரம், எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று காட்டும் அழைப்புப் பட்டியலைச் சேர்ப்பது செலவில்லாத வழி. மொழிபெயர்ப்பில் மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், "இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு" என்ற உறுதி எல்லாம் இருக்க வேண்டும்.

இன்ஷியல் தரும் தொல்லை

நமக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பள்ளிச் சான்றிதழில் "கே. செல்வி", பாஸ்போர்ட்டில் பெயருக்கு "செல்வி", குடும்பப் பெயருக்கு அப்பா பெயர் "கந்தசாமி", திருமணச் சான்றிதழில் "செல்வி க/பெ முருகன்". ஊரில் இதை யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கோ மூன்று பேர் தெரிவார்கள்.

எந்த ஆவணத்தையும் எடுக்கும் முன் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அச்சு மாறாமல் எழுதுங்கள். ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை, திருமணப் பதிவு, விசா விண்ணப்பம் நான்கிலும் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல். பழைய சான்றிதழ்களில் வேறு மாதிரி இருந்தால், எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைச் சேருங்கள். கணவர் பெயரைச் சேர்த்துப் புதிய பாஸ்போர்ட் எடுக்க ஆசையிருந்தால் இந்த வேலைகளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையேல் விசா வந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் வேண்டாம்.

ஆங்கிலம், மார்பு எக்ஸ்-ரே, வீடு

முதல் விசாவுக்குக் கேட்கப்படுவது ஏ1 எனப்படும் அடிப்படை நிலை ஆங்கிலம். பேசுவதும் கேட்பதும் மட்டுமே. ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 தேர்வு இதற்குப் போதும். தேர்வாளர் எதிரில் இன்னொரு தேர்வருடன் சேர்ந்து உட்கார வைத்து, குடும்பம், வேலை, கடைக்குப் போவது போன்றவற்றைப் பற்றி இருபது நிமிடத்துக்குள் பேச வைப்பார்கள். மதிப்பெண் இல்லை, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் சாதாரண ஐஇஎல்டிஎஸ் இங்கே செல்லாது. பிரிட்டன் விசாவுக்கென்று நடத்தப்படுவதைத்தான் எழுத வேண்டும். ஆங்கில வழியில் பட்டம் படித்தவர் தேர்வு எழுதாமல், எக்டிஸ் நிறுவனத்திடம் பட்டத்துக்கு அத்தாட்சி வாங்கியும் காட்டலாம். 65 வயது கடந்தவர்களுக்கு விலக்கு உண்டு.

காசநோய்ப் பரிசோதனையை பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில்தான் செய்ய வேண்டும். இந்தியா, இலங்கை இரண்டு நாடுகளிலும் வசிப்பவர்களுக்கு இது கட்டாயம். மார்பு எக்ஸ்-ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். அதன் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும். கர்ப்பமாக இருப்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எக்ஸ்-ரேக்குப் பதில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளவோ குழந்தை பிறக்கும்வரை தள்ளிப்போடவோ முடியும்.

தங்க இடம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சொந்த வீடு வேண்டுமென்பதில்லை. வாடகை ஒப்பந்தம் போதும். மாமனார் வீட்டில் தங்குவதானால், வீட்டுக்காரராக அவர் எழுதிக் கொடுத்த கடிதமும், வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர் என்ற விவரமும் தேவை. ஆட்கள் அதிகமாகி நெருக்கடி ஏற்படக் கூடாது என்பதே நோக்கம்.

எவ்வளவு செலவாகும்?

2025 ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் கட்டணம் 1,938 பவுண்டு ஆனது. அதோடு அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவைக்கான கட்டணம் ஆண்டுக்கு 1,035. விசா இரண்டே முக்கால் ஆண்டுக்குத் தரப்படுவதால், முழு மூன்று ஆண்டாகக் கணக்கிட்டு இது 3,105 ஆகும். அந்தக் கணக்கில் இரண்டும் சேர்த்து 5,043 பவுண்டு. நம் பணத்தில் சுமாராக ஐந்தரை லட்சத்துக்கு மேல். ஆங்கிலத் தேர்வு, பரிசோதனை, மொழிபெயர்ப்பு, விமானச் செலவு தனி.

மறுத்துவிட்டால் மருத்துவக் கட்டணம் திரும்பி வரும். விண்ணப்பக் கட்டணம் வராது. கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரலில் மாறும் என்பதால், பணம் கட்டும் வாரத்தில் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

விண்ணப்பித்த பிறகு

ஆன்லைனில் படிவத்தை நிரப்பிப் பணம் கட்டியபின், விசா விண்ணப்பங்களைப் பெறும் விஎஃப்எஸ் மையத்தில் கைரேகையும் முகப் படமும் கொடுக்க நாள் குறிப்பீர்கள். ஆவணங்களை நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றலாம். அந்த மையத்தில் விலைக்குத் தரப்படும் கூடுதல் சேவைகள் எதுவும் கட்டாயமில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி முக்கியம்: எந்த நாட்டிலாவது உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதா? பத்து வருடம் முன்பு அமெரிக்கத் தூதரகத்தில் மறுத்தார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். மறுக்கப்பட்டது குற்றமில்லை, மறைப்பது குற்றம். ஏமாற்று என்று முடிவானால் பத்தாண்டு வரை பிரிட்டனுக்குள் நுழைய முடியாது.

முடிவு வழக்கமாக 12 வாரத்துக்குள் வரும். அதுவரை வேலையை ராஜினாமா செய்யாதீர்கள், பணம் திரும்பாத டிக்கெட்டும் எடுக்காதீர்கள். "டூரிஸ்ட் விசாவில் போய்விட்டு அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்வையாளராகப் போனவர் அங்கிருந்தபடி துணைவர் விசாவுக்கு மாற விதி இடம் தருவதில்லை.

மறுத்துவிட்டால் காரணம் எழுத்தில் வரும். வெளிநாட்டிலிருந்து 28 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். உறவையே நம்பவில்லை என்றால் மேல்முறையீடு செய்வதில் பொருள் உண்டு. ஒரு வங்கி அறிக்கை விட்டுப்போனதால் மறுத்தார்கள் என்றால் சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பதே பலருக்கு விரைவான வழி.

போய்ச் சேர்ந்த பிறகு

முழுநேர வேலை பார்க்கலாம், சொந்தமாகத் தொழில் செய்யலாம், படிக்கலாம், அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அரசின் உதவித்தொகைகளைக் கேட்க முடியாது. இரண்டே முக்கால் ஆண்டு முடிவதற்குள் நீட்டிப்புக்கு மறுபடி கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அப்போது ஆங்கிலம் ஏ2 நிலை. ஐந்து ஆண்டு நிறைந்ததும் நிரந்தர உரிமை கேட்கலாம். அதற்கு பி1 நிலை ஆங்கிலமும், பிரிட்டிஷ் வாழ்க்கை பற்றிய தேர்வும். நீட்டிப்பிலும் சேர்ந்து வாழ்வதைக் காட்ட வேண்டியிருப்பதால், போன முதல் மாதத்திலேயே வீட்டு முகவரிக்கு உங்கள் பெயரில் கடிதங்கள் வரும்படி வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் பதிவு ஆகியவற்றைச் செய்துகொள்ளுங்கள்.

ஒரு கடைசி வார்த்தை, ஏஜென்ட் பற்றி. இந்த விண்ணப்பத்தை நீங்களே செய்யலாம். படிவம் ஆன்லைனில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உதவி வேண்டுமென்றால், பிரிட்டனில் உள்ள வழக்கறிஞரையோ அந்நாட்டுக் குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவுபெற்ற ஆலோசகரையோ நாடுங்கள். "தூதரகத்தில் ஆள் இருக்கிறார், நூறு சதவீதம் விசா" என்று சொல்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை வேறு: அங்கே இருப்பவருக்கு போன் போட்டு, எந்த விசாவில் இருக்கிறார், இந்த வேலையில் எந்தத் தேதியில் சேர்ந்தார், ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எப்போது விண்ணப்பிக்கலாம் என்பது அந்த மூன்று பதிலிலேயே தெரிந்துவிடும்.